ஒரே செம்பு, வேறு பூச்சு: மோட்டார் ஊரில் கம்பியால் கட்டப்படும் மின்னணுப் பலகைகள்

கோயம்புத்தூரில் காயில் கம்பி என்று சொன்னால் கேட்பவர் மனத்தில் முதலில் வந்து நிற்பது மோட்டார்தான். எனாமல் பூசிய செம்புக் கம்பி இந்த ஊரில் கிலோக் கணக்கில் நிறுத்து விற்கப்படுவது. கணபதியிலும் ஆவாரம்பாளையத்திலும் பீளமேட்டிலும் உள்ள பட்டறைகளில் பம்பு மோட்டார்களின் வயிற்றுக்குள் செருகப்படுவது. எரிந்துபோன மோட்டாரிலிருந்து உருவி எடுக்கப்பட்டு மறுபடியும் எடைக்கே போவது. அதே வகைக் கம்பி, தலைமுடியைப் போல இரண்டு மூன்று மடங்கு தடிப்பில் ஒரு சிறிய ரீலிலிருந்து அவிழ்ந்து, உள்ளங்கை அகலமுள்ள பலகையின் பின்புறத்தில் ஐசியின் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு ஓடி, ஈயப் பொட்டுகளால் பற்றவைக்கப்பட்டு, ஒரு முழு மின்னணுச் சுற்றாகவும் மாறுகிறது என்பது இந்த மோட்டார் ஊரில் அதிகம் பேசப்படாத செய்தி. இரண்டு வேலைகளும் செம்பைக் கொண்டே நடந்தாலும் அவற்றைப் பிரித்து நிறுத்துவது செம்பின் மேலுள்ள பூச்சு. மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவே தடிப்புள்ள அந்தப் பூச்சின் குணத்தை அறிந்தவருக்கு இரண்டும் கைவருகின்றன. அறியாதவருக்கு இரண்டாவது வேலை முதல் இணைப்பிலேயே முரண்டு பிடிக்கிறது.

சுற்று ஒன்றை நிலையாக அமைப்பதற்கு உறுப்புகளைத் தாங்கும் ஒரு பலகையும், வரைபடத்தில் கண்டபடி அவ்வுறுப்புகளின் கால்களை இணைக்கும் கடத்திகளும் வேண்டும். பிசிபி என்று எல்லோரும் சொல்லும் அச்சிட்ட பலகையில், இக்கடத்திகள் பலகைமேல் ஒட்டிய செம்புப் படலத்தை வேதிக் கரைசலில் அரித்தெடுத்த தடங்களாக இருக்கும். அப்பலகை அந்த ஒரு சுற்றுக்கு மட்டுமே உரியது. கையால் கம்பியிடும் முறையில் பலகை எந்தச் சுற்றுக்கும் உரியதன்று. மாணவர்கள் டாட் போர்டு என்றும் ஜிபி போர்டு என்றும் கேட்டு வாங்கும் அதில், 2.54 மில்லிமீட்டருக்கு ஒன்றாக, அதாவது அங்குலத்தின் பத்தில் ஒரு பங்கு இடைவெளியில், துளைகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு துளையைச் சுற்றியும் ஒரு செம்பு வளையம் உண்டு. ஒரு வளையத்துக்கும் அடுத்ததற்கும் தொடர்பு இராது. அந்தத் தொடர்பைத் தருவதே கம்பியின் வேலை. பிளாஸ்டிக் உறையிட்ட கம்பியைப் பயன்படுத்தினால் ஒவ்வொரு துண்டையும் அளந்து வெட்டி, இரண்டு முனையிலும் உறையை உரித்துப் பற்றவைக்க வேண்டியிருக்கும். நாற்பது கால் கொண்ட ஒரு மைக்ரோ கன்ட்ரோலரும் அதற்குத் துணையாக நாலைந்து ஐசிகளும் அமர்ந்த பலகையில் இணைப்புகள் நூறைத் தாண்டும்போது, உறைகளின் தடிப்பு மட்டுமே பலகையின் பின்புறத்தை வைக்கோல்போர் ஆக்கிவிடும். எனாமல் கம்பியில் பூச்சே உறை என்பதால், ஒன்றின்மேல் ஒன்றாகப் பல கம்பிகள் குறுக்கிட்டாலும் அவை ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்குள் படிந்துகொள்கின்றன; வெட்டாமலேயே ஒரு காலிலிருந்து அடுத்த காலுக்கு ஒரே ஓட்டமாக இழுத்துச் செல்லவும் முடிகிறது.

இந்தக் கம்பி கொங்கு நாட்டுக்குள் வந்த வழி கிணற்று வழி. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் அமைந்த இம்மண்ணில் வேளாண்மை என்பது நெடுங்காலமாகக் கிணற்றை நம்பியே நடந்தது. மாடுகளைப் பூட்டிக் கவலை இறைத்த அந்தக் கிணறுகளுக்கும், ஊரில் எழுந்துகொண்டிருந்த பஞ்சாலைகளுக்கும், நீலகிரியில் 1932இல் இயங்கத் தொடங்கிய பைக்காரா நீர்மின் நிலையம் மின்சாரத்தைக் கொண்டுவந்து சேர்த்தது. மின்சாரம் வந்த இடத்தில் மோட்டார் வேண்டும். மோட்டார் வெளிநாட்டிலிருந்து வந்தால் விலையும் மிகும், பழுதானால் வழியும் இராது. 1937இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் இணைந்து கோவையில் உருவாக்கிய மோட்டார், இந்தியாவிலேயே வடிவமைத்துச் செய்யப்பட்ட முதல் மின்மோட்டார் எனப் போற்றப்படுகிறது. அன்று தொடங்கிய வேலை தலைமுறைகள் கடந்து, பம்பு என்றால் கோவை என்று நாடு முழுவதும் சொல்லும் நிலைக்கு வந்திருக்கிறது. மோட்டார் செய்யும் ஊரில் மோட்டார் எரிவதும் இயல்புதான். மின்னழுத்தம் குறைந்தோ, மூன்று பேஸில் ஒன்று போயோ காயில் கருகிவிட்ட மோட்டாரை வண்டியில் ஏற்றிக்கொண்டு விவசாயி வந்து நிற்கும் காயில் கட்டும் கடை, கொங்கு நாட்டில் ஏறத்தாழ எல்லாச் சிற்றூர்ச் சந்தைத் தெருவிலும் உண்டு.

அந்தக் கடையில் நடப்பதைச் சற்று நின்று பார்ப்பது, பலகைக் கம்பியைப் பற்றிப் பேசுவதற்கும் உதவும். வைண்டர் முதலில் கருகிய காயிலை வெட்டி எடுத்து, அதில் எத்தனை சுற்று என்று எண்ணுகிறார். ஓர் இழையின் முனையைச் சுட்டு, பூச்சை நீக்கி, மைக்ரோமீட்டரில் வைத்துக் கம்பியின் கேஜைப் படிக்கிறார். கேஜ் என்பது பழைய பிரிட்டிஷ் அளவுமுறை. எண் கூடக்கூடக் கம்பி மெலியும். 22 கேஜ் என்றால் 0.71 மில்லிமீட்டர், 30 கேஜ் என்றால் 0.31, 36 கேஜ் என்றால் 0.19. வேண்டிய கேஜ் கையில் இல்லாவிட்டால் மெல்லிய கம்பி இரண்டைச் சேர்த்துச் சுற்றி அதே குறுக்குப் பரப்பைக் கொண்டுவருகிறார். ஸ்லாட் எனப்படும் இரும்புப் பள்ளங்களில் லெதராய்டு தாளை மடித்து வைத்து, காயிலை இழை இழையாக உள்ளே தள்ளி, மேலே குச்சி அடைத்து, முனைகளை இணைத்து, வார்னிஷில் தோய்த்துக் காயவைக்கிறார். முனைகளை இணைக்கும்போது மட்டும் கம்பியின் பூச்சு அவருக்கு இடைஞ்சல். தீக்குச்சியால் சுட்டோ, பிளேடால் சுரண்டியோ, உப்புத்தாளால் தேய்த்தோ அதை நீக்கிச் செம்பு மின்னுமாறு செய்து, முறுக்கிப் பற்றவைத்து, ஸ்லீவ் ஏற்றிவிடுகிறார். ஒரு மோட்டாரில் இத்தகைய முனைகள் ஒரு டஜன், மிஞ்சிப்போனால் இரண்டு டஜன். அதனால் சுரண்டுவது அவருக்குப் பெரிய வேலையாகத் தோன்றுவதில்லை.

மின்னணுவியலில் கையால் கம்பியிடுவதும் புதிய வழக்கமன்று. அச்சிட்ட பலகைதான் பின்னால் வந்தது. வால்வு ரேடியோக் காலத்தில் வளைத்த இரும்புத் தகட்டின்மேல் வால்வுகள் அமர, அதன் அடியில் மின்தடைகளும் மின்தேக்கிகளும் ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்கு அந்தரத்தில் கட்டப்பட்டு, எல்லா இணைப்பும் கையாலேயே பற்றவைக்கப்பட்டன. ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குச் செய்து தர முடியும் என்று ஜி.டி. நாயுடு 1941இல் அறிவித்தபோது அவர் மனத்தில் இருந்ததும் இத்தகைய கைவேலைதான். மோட்டார், ரேடியோ, பேருந்து என்று ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவிய அந்த மனிதர், 1945இல் ஆர்தர் ஹோப் பெயரில் கோவையில் தொழில்நுட்பக் கல்வி நிலையங்கள் தொடங்கக் காரணமாகவும் இருந்தார். அவற்றில் ஒன்றே இன்று தடாகம் சாலையில் உள்ள அரசு தொழில்நுட்பக் கல்லூரி. காயில் கட்டும் கையும் ரேடியோ பற்றவைக்கும் கையும் ஒரே கூரையின் கீழ் இருந்த காலம் அது. பின்னாளில் பாடத்திட்டம் மின்பொறியியல், மின்னணுவியல் என்று இரண்டாகப் பிரிந்தபோது, மெல்லிய செம்புக் கம்பி முதல் துறையின் பொருளாகவும் பலகை இரண்டாம் துறையின் பொருளாகவும் ஒதுங்கிக்கொண்டது ஓர் இழப்பு என்றே சொல்ல வேண்டும்.

உலக அளவில், ஆஸ்திரியாவில் பிறந்த பால் ஐஸ்லர் 1936 வாக்கில் லண்டனில் அச்சிட்ட சுற்றுள்ள ரேடியோவைச் செய்து காட்டினார். ஆனால் தடங்கள் கம்பியை முழுவதுமாக விரட்டிவிடப் பல பத்தாண்டுகள் ஆயின. கணினியின் நினைவகமே நெடுங்காலம் எனாமல் கம்பியால் ஆனதாக இருந்தது. கோர் எனப்படும் கடுகளவு ஃபெரைட் வளையங்களைப் பூச்சிட்ட கம்பிகளில் கோத்து, ஒவ்வொரு வளையமும் எந்தத் திசையில் காந்தமேறியிருக்கிறது என்பதைக் கொண்டு ஒன்று, பூச்சியம் என்று பதிந்துவைக்கும் முறை அது. மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் நம் நாட்டவர் வடிவமைத்து 1960இல் முறையாக இயக்கிவைத்த டிஃப்ராக் கணினியில் ஏறத்தாழ 2,700 வால்வுகளும், 2,048 சொற்களைத் தாங்கும் ஃபெரைட் கோர் நினைவகமும் இருந்தன. ஒரு சொல்லுக்கு 40 பிட் என்பதால், கோக்கப்பட்ட வளையங்கள் எண்பதாயிரத்துக்கு மேல். நிலவுக்குச் சென்ற அப்போலோ விண்கலங்களின் வழிகாட்டுக் கணினியில், 36,864 சொற்கள் கொண்ட நிலை நினைவகத்தை மாசாசூசெட்ஸ் மாநிலத்தின் வால்தம் நகரில் இருந்த ரேத்தியான் ஆலையில் பெண்கள் கையால் பின்னினார்கள். கம்பி வளையத்தின் ஊடே சென்றால் ஒன்று, வெளியே சென்றால் பூச்சியம். தறிப் பாவில் ஓர் இழை மாறினால் துணி முழுவதும் காட்டிக்கொடுக்கும் என்று அறிந்த சோமனூர்க்காரருக்கு அந்த வேலையின் கடுமையை விளக்க வேண்டியதில்லை. கோவைப் பட்டறைகள் பலவற்றில் இன்று காயில் சுற்றிச் செருகுவதும் பெண்களின் கைகளே என்பது இந்த இடத்தில் நினைக்கத்தக்கது.

பலகையில் கம்பியிடும் முறைக்கு ஒழுங்கான கருவி ஒன்றைத் தந்தது பிரிட்டனின் வெரோ நிறுவனம். 1960 வாக்கில் அது கொண்டுவந்த செம்புப் பட்டையிட்ட பலகையின் பெயர் நம் ஆய்வகங்களில் வெரோபோர்டு என்று பொதுப்பெயராகவே நிலைத்துவிட்டது. அதற்குப் பின் வந்த அதன் கம்பிப் பேனாவை அறிந்தவர்கள் குறைவு. பேனாவின் தலையில் ஒரு சிறு ரீல். அதிலிருந்து எனாமல் கம்பி குழாயின் வழியே இறங்கி நுனியில் வெளிவரும். விரலால் ரீலை அழுத்தினால் கம்பி நிற்கும், விட்டால் ஓடும். கம்பிகள் தாறுமாறாக அலையாமல் ஒதுங்கி ஓடுவதற்குப் பலகையில் சீப்பு போன்ற பிளாஸ்டிக் பற்களும் நடப்படும். அந்தப் பேனா கிடைக்காத இடத்தில் எழுதித் தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவின் குழாயும் தையல் இயந்திர பாபினும் அதே வேலையைச் செய்யும். பாபினுக்குக் கொங்கு நாட்டில் பஞ்சமில்லை.

இந்தப் பேனாவின் உயிர் அதன் கம்பியில் பூசப்பட்ட பாலியூரித்தேனில் இருக்கிறது. கம்பிப் பூச்சு என்பது ஒரே தடவையில் தடவப்படும் வண்ணம் அன்று. இழுத்து மெலிய வைத்த செம்பை வார்னிஷில் தோய்த்து, அடுப்பில் சுட்டு, மீண்டும் தோய்த்துச் சுட்டு, பல படலங்களாக ஏற்றப்படுவது. என்ன வேதிப்பொருளைப் பூசுகிறார்கள் என்பதே கம்பியின் தொழிலை முடிவு செய்கிறது. மோட்டார்க் கம்பிக்குப் பாலியெஸ்டர், பாலியெஸ்டர் இமைடு, அதன்மேல் பாலியமைடு இமைடு என்று வெப்பத்தைத் தாங்கும் பூச்சுகளைத் தேர்கிறார்கள். இவ்வகைக் கம்பிகளை வகுக்கும் இந்தியத் தரம் ஐஎஸ் 13730. அதில் வரும் 155, 180, 200 என்னும் வெப்ப வகுப்புகள், பூச்சு ஏறத்தாழ 20,000 மணி நேரம் தாங்கக்கூடிய வெப்பநிலையை டிகிரி செல்சியஸில் குறிப்பவை. ஆழ்துளைக் கிணற்றில் தண்ணீருக்குள்ளேயே மூழ்கி ஓடும் சப்மெர்சிபிள் மோட்டாருக்கோ இந்தப் பூச்சும் போதாது; நீர் நிரம்பிய மோட்டாரில் காயில் நீரிலேயே கிடப்பதால், கம்பியின்மேல் பிளாஸ்டிக் நாடாக்களைச் சுற்றி நீர் புகாமல் செய்கிறார்கள்; அதற்குத் தனியே ஐஎஸ் 8783 என்னும் தரம் உண்டு. பாலியூரித்தேன் இவற்றுக்கெல்லாம் நேர் எதிரான குணத்தைத் தன் சிறப்பாகக் கொண்டது. சுமார் 370 முதல் 400 டிகிரி வரையிலான சூட்டில், உருகிய ஈயத்துக்கு அடியில், அது சிதைந்து விலகிச் செம்பை விட்டுக்கொடுக்கிறது. சுரண்டவும் வேண்டாம், சுடவும் வேண்டாம். ஜெர்மனியில் ஆட்டோ பேயர் பாலியூரித்தேன் வேதியியலைக் கண்டறிந்ததும் 1937இல்தான். கோவையின் முதல் மோட்டாருக்கும் பலகைக் கம்பியின் பூச்சுக்கும் பிறந்த ஆண்டு ஒன்றாக அமைந்தது தற்செயல் என்றாலும் மனத்தில் நிற்கக்கூடிய தற்செயல்.

ஆக, காயில் கடையில் மிஞ்சிய கம்பியை எடுத்துவந்து பலகையில் பற்றவைக்க முயலும் மாணவர், சால்டரிங் அயர்னை எவ்வளவு நேரம் வைத்தாலும் ஈயம் முத்துமுத்தாக உருண்டு ஓடுவதைப் பார்த்துத் தன் கையைக் குறைசொல்லிக்கொள்கிறார். குறை கையில் இல்லை. 200 வகுப்பு மோட்டார்க் கம்பி, அப்படி விட்டுக்கொடுக்கக் கூடாது என்பதற்காகவே செய்யப்பட்டது. அதைச் சுரண்டிப் பயன்படுத்தலாம் என்றாலும், 36 கேஜ் கம்பியைப் பிளேடால் சுரண்டும்போது செம்பில் விழும் கீறல், பின்னொரு நாள் கம்பி அங்கேயே ஒடிவதற்கு இடம் வைக்கிறது. ஒடிந்த இடம் பூச்சுக்குள் மறைந்திருந்தால் கண்டுபிடிக்க நாள் முழுவதும் போகும்.

சரியான கம்பியைக் கொண்டு ஓர் இணைப்பு எப்படி அமைகிறது என்பதை நெருங்கிப் பார்க்கலாம். பலகை கவிழ்ந்து கிடக்கிறது; ஐசி பேஸின் கால்கள் இரண்டு வரிசையாக மேல்நோக்கி நிற்கின்றன. கம்பியின் நுனியை முதல் காலைச் சுற்றி ஒன்றரைச் சுற்று சுற்றி, விரல்நகத்தால் அடிவரை தள்ளுகிறார் செய்பவர். அயர்னின் நுனியில் நெல்மணி அளவு புதிய ஈயத்தை ஏற்றிக்கொண்டு, காலும் கம்பியும் தொடும் இடத்தில் அதை வைக்கிறார். முதல் நொடியில் ஒன்றும் நடப்பதில்லை. இரண்டாம் நொடியில் மெல்லிய புகை ஒரு நூலாக எழுகிறது. சிவந்த பூச்சு கருத்துச் சுருங்கி ஓரத்துக்கு ஒதுங்குகிறது. மூன்றாம் நொடியில், அதுவரை பந்தாக நின்ற ஈயம் திடீரென்று தளர்ந்து, கம்பியைத் தழுவிக் காலின்மேல் ஏறி, நாற்புறமும் சரிந்த ஒரு சிறிய கூம்பாகப் படிகிறது. அந்தத் தளர்ச்சிதான் அடையாளம். அதைக் கண்ட பிறகே அயர்னை எடுக்க வேண்டும். அதற்கு முன் எடுத்தால் ஈயம் பூச்சின்மேல் ஒட்டாமல் உட்கார்ந்திருக்கும், பார்வைக்கு இணைப்பு போலத் தோன்றும், மீட்டரில் பேசாது. பிறகு கம்பியைத் தொய்வாக அடுத்த காலுக்கு இழுத்து, மீண்டும் ஒன்றரைச் சுற்று, மீண்டும் மூன்று நொடி. இறுதிக் காலில் பற்றவைத்த பின் மிச்சத்தை வெட்டி, மல்ட்டிமீட்டரின் இரு முனைகளையும் இரு கால்களில் வைத்தால் பீப் என்ற ஒலி. ஒவ்வோர் இணைப்பும் முடிந்தவுடன் அந்த ஒலியைக் கேட்டு, வரைபடத்தில் அந்தக் கோட்டின்மேல் வண்ணப் பென்சிலால் கோடிட்டுவிட்டு அடுத்ததற்குப் போவதே நல்ல பழக்கம். எல்லாம் முடிந்தபின் சோதிக்கலாம் என்று விட்டவர்கள் அதே பலகையை இருமுறை கட்ட நேர்கிறது.

ஈயம் என்று பேச்சில் சொன்னாலும் அது 60 பங்கு வெள்ளீயமும் 40 பங்கு காரீயமும் கலந்த உலோகம்; 183 டிகிரியில் இளகத் தொடங்கி 190 டிகிரிக்குள் முழுதும் உருகிவிடும். அதன் நடுவில் ஓடும் ரோசின் என்னும் பிசின், செம்பின்மேல் படிந்த ஆக்சைடைக் கரைத்து உலோகம் உலோகத்தோடு ஒட்ட வழிசெய்கிறது. பொற்கொல்லர் பட்டறையில் வெங்காரம் செய்யும் அதே வேலைதான் இது. கம்பியின் பூச்சை விலக்க உலோகம் உருகும் சூட்டைப் போல இரு மடங்கு சூடு வேண்டியிருப்பதால், இந்த வேலையில் ரோசின் விரைவில் எரிந்துவிடுகிறது. எனவே ஒவ்வோர் இணைப்புக்கும் புதிய ஈயம் சிறிதளவு ஊட்டுவது கட்டாயம். பழுப்பு நிற மலிவுப் பலகையில் இதே சூட்டை ஒரே இடத்தில் இரண்டு மூன்று முறை காட்டினால் செம்பு வளையம் பலகையை விட்டு எழும்பிவிடும். கண்ணாடி இழைப் பலகைக்குச் சற்றுக் கூடுதலாகச் செலவிடுவது வீண்போகாது.

இம்முறையின் எல்லைகளை மறைப்பது யாருக்கும் உதவாது. 36 கேஜ் கம்பியின் மின்தடை மீட்டருக்கு ஏறத்தாழ 0.59 ஓம். பத்து சென்டிமீட்டர் நீளத்தில் 20 மில்லிஆம்பியர் ஓடும் ஒரு சைகைக் கம்பியில் இழப்பு ஒரு மில்லிவோல்ட்டைச் சற்றே தாண்டும். அதை யாரும் பொருட்படுத்த வேண்டியதில்லை. அதே கம்பியில் ஓர் ஆம்பியர் ஓடினால் இழப்பு 60 மில்லிவோல்ட்டை நெருங்கும், ரிலேயோ மோட்டாரோ ஓடும் பலகையில் அது குழப்பத்தை விதைக்கும். ஆகவே மின்வழங்கலையும் கிரவுண்டையும் முதலில் 22 கேஜ் வெறுங்கம்பியால் அகலமாகப் போட்டு, ஒவ்வோர் ஐசியின் அருகிலும் 0.1 மைக்ரோஃபாரடு மின்தேக்கி ஒன்றை, கடைக்காரர் 104 என்று எடுத்துத் தருவதை, பற்றவைத்துவிட்டு, அதன் பிறகே மெல்லிய கம்பியைத் தொட வேண்டும். கம்பிகளை அழகுக்காக ஒரே கட்டாகக் கட்டினால், அடுத்தடுத்து ஓடும் இரு கம்பிகள் தமக்குள் ஒரு சிறு மின்தேக்கியாகி ஒன்றின் துடிப்பை மற்றொன்றில் கேட்கச் செய்யும். கடிகாரத் துடிப்பைக் கொண்டுசெல்லும் கம்பியை மட்டுமாவது தனியே, குறுக்கு வழியாக, நேர்கோட்டில் இழுப்பது நல்லது. பார்க்க ஒழுங்கற்றதாகத் தோன்றும் பலகை ஒழுங்காக இயங்குவதும், பின்னலிட்ட சடை போல அழகான பலகை தவறுவதும் இதனால்தான். 230 வோல்ட் ஓடும் பக்கத்தில் இக்கம்பியை எக்காரணம் கொண்டும் பயன்படுத்தக் கூடாது. மோட்டாரில் எனாமல் அந்த அழுத்தத்தைத் தாங்குகிறதே என்று கேட்கலாம். அங்கே லெதராய்டும் வார்னிஷும் உடன் நிற்கின்றன, கம்பி அசையாமல் இறுகிக் கிடக்கிறது. பலகையிலோ அது கூரான ஈயக் கூம்புகளின்மேல் உராய்ந்துகொண்டு கிடக்கிறது.

அச்சிட்ட பலகையை இணையத்தில் வரைந்து அனுப்பினால் சில நாட்களில் வீட்டுக்கே வந்துவிடும் இக்காலத்தில் இந்த உழைப்பு எதற்கு என்ற கேள்வி நியாயமானதே. பத்துப் பலகை வேண்டுபவருக்கு அச்சிடுவதே சரி. ஒன்றே ஒன்று வேண்டுபவருக்கும், அதையும் நாளைக்கு மாற்றப்போகிறவருக்கும் விடை வேறு. தோட்டத்து மோட்டாருக்கு ஒரு பேஸ் போனால் தானே நிறுத்தவும், மின்சாரம் வந்ததும் சில நிமிடம் கழித்துத் தானே தொடங்கவும் ஒரு சிறு சுற்றைச் செய்துபார்க்கும் ஒருவருக்கு, கிணற்றடியில் வைத்த முதல் நாளே ஏதேனும் ஒன்று மாற வேண்டியிருக்கும். கம்பியிட்ட பலகையில் ஒரு கம்பியைத் தூக்கி இன்னொரு காலில் வைத்தால் அம்மாற்றம் ஐந்து நிமிட வேலை. அதைவிட முக்கியமானது, ஒவ்வோர் இணைப்பையும் கையால் தொட்டு அமைத்தவருக்குச் சுற்று மனப்பாடம் ஆகிவிடுவது. மென்பொருள் தானே தடம்போட்ட பலகையை வாங்கி உறுப்புகளைப் பொருத்தும் மாணவருக்கு எந்தக் கால் எங்கே போகிறது என்று கேட்டால் திரையைப் பார்க்க வேண்டியிருக்கிறது. இறுதியாண்டுச் செயல்திட்டத்தை விலைக்கு வாங்கி ஒப்படைக்கும் வழக்கம் பரவியுள்ள கல்லூரிச் சூழலில், தன் கையால் கம்பியிட்ட ஒரே ஒரு பலகை மாணவரிடம் இருப்பது எத்தனை மதிப்பெண்ணையும்விடப் பெரிய சான்று. முதலாமாண்டுப் பணிமனை வகுப்பில் மரவேலையும் அரவேலையும் கற்பிப்பதைப் போல இதையும் கற்பிக்க வேண்டும். கற்பிப்பதற்கு வைண்டர் ஒருவரை அழைத்துவந்து மாணவர் முன் நிறுத்தினால், கம்பியை இழுக்காமல் இழுப்பது எப்படி என்பதை எந்தப் பாடநூலையும்விட அவர் நன்றாகக் காட்டுவார்.

இந்தக் கலை ஆய்வகத்தில் மங்கினாலும் காந்திபுரத்துச் செல்போன் பழுதுபார்ப்புக் கடைகளில் உயிரோடு இருக்கிறது. தண்ணீரில் விழுந்த போனில் தடம் ஒன்று அரித்துப்போய்விட்டால், நுண்ணோக்கியின் கீழ் பலகையை வைத்து, 0.1 மில்லிமீட்டருக்கும் மெல்லிய எனாமல் கம்பியால் அறுந்த இரு முனைகளையும் இணைத்து, மேலே பச்சைப் பூச்சு வைத்துப் புறஊதா ஒளியில் உறையவைக்கிறார்கள். கடைமொழியில் இதற்கு ஜம்பர் அடிப்பது என்று பெயர். பலகையை மாற்றச் சொல்லித் திருப்பி அனுப்பப்பட்ட போன்கள் ஒரு சாண் நீளம்கூட இல்லாத அந்தக் கம்பியால் மீண்டும் பேசுகின்றன. அங்கே வேலை செய்யும் இளைஞர்களில் பலருக்குத் தாங்கள் செய்வது பழைய முறையின் தொடர்ச்சி என்பது தெரியாது. காயில் கட்டும் கடையில் இருப்பவருக்கும் தன் கம்பியின் இனம் அங்கே போயிருப்பது தெரியாது.

உடல்நலம் பற்றிய ஒரு சொல்லை இங்கே அழுத்திச் சொல்லியாக வேண்டும். பாலியூரித்தேன் சிதையும்போது எழும் புகையில் ஐசோசயனேட் என்னும் வகைச் சேர்மங்கள் கலந்திருக்கும். அவை மூச்சுக்குழாய்க்கு எரிச்சலூட்டி, நாளடைவில் ஆஸ்துமாவுக்கே வழிவகுக்கக் கூடியவை. ஜன்னலோரம் அமர்வதும், புகையைப் பக்கவாட்டில் இழுத்துவிடும் ஒரு சிறு விசிறியை வைப்பதும், பலகைக்கு நேர்மேலே முகத்தைக் கொண்டுபோகாமல் இருப்பதும் எளிய காரியங்கள். பற்றவைத்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் டீக் குடிப்பது காரீயத்தை வயிற்றுக்குள் அனுப்புவதாகும். காற்றோட்டமில்லாத மாடியறைக் கடைகளில் நாள்முழுதும் அயர்னின்மேல் குனிந்திருக்கும் இளம் தொழிலாளர்களுக்கு இதை எடுத்துச் சொல்ல ஆளில்லை என்பது வருந்தத்தக்கது. விசிறி ஒன்றின் விலை ஒரு போன் பழுதுபார்க்கும் கூலியைவிடக் குறைவு.

வீட்டிலோ பட்டறையிலோ கிடக்கும் பெயர்ச்சீட்டு கிழிந்த ரீலில் எந்தக் கம்பி இருக்கிறது என்று அறிய ஆய்வகம் தேவையில்லை. நிறத்தை நம்ப முடியாது. மோட்டார்க் கம்பியும் பலகைக் கம்பியும் ஒரே தேன் நிறத்தில் வரும். அயர்னை நன்றாகச் சூடேற்றி, நுனியில் ஈயத்தைத் தாராளமாக ஏற்றி, கம்பியின் முனையை அந்த ஈயத்துக்குள் நுழைத்துப் பத்து வரை மெதுவாக எண்ண வேண்டும். புகை எழுந்து முனை வெள்ளியாகிவிட்டால் அது பலகைக்கு; தேன் நிறம் மாறாமல் அப்படியே வெளிவந்தால் ரீல் மோட்டார்க்காரருக்கே.